மயில் முட்டையை அடை வைக்காதீர்கள்

ஆடிப்பட்டத்தில் போட்ட மல்லாட்டைக்குக் களை எடுக்கும் நாட்களில் விழுப்புரம் மாவட்டத்தின் திண்டிவனம், மயிலம் பக்கத்துக் கொல்லைகளில் இது வழக்கமாக நடப்பதுதான். செடி மறைவில் குந்தியிருந்த பெட்டை மயில் ஆள் அரவம் கேட்டு எழுந்து ஓடும். அது இருந்த இடத்தில், வெறும் மண்பள்ளத்தில், நாலைந்து முட்டைகள் கிடக்கும். களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டு ஒரு பெண் அவற்றை முந்தானையில் ஏந்திக்கொள்வார். வீட்டில் அடையில் இருக்கும் நாட்டுக்கோழிக்கு அடியில் கொண்டுபோய் வைப்பார். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நாய் தின்றுவிடுமே, வெயிலில் வீணாகிவிடுமே என்ற பதைப்புதான்.

குஞ்சு பொரிக்கும். கோழியின் பின்னாலேயே வாசலைச் சுற்றும். பிள்ளைகள் பெயர் வைப்பார்கள். உள்ளங்கையில் நொய் வைத்து நீட்டினால் வந்து கொத்தும். நாலைந்து மாதத்தில் அது கூரை ஏறத் தொடங்கும்போது தெருவில் யாராவது சொல்வார்கள்: தேசியப் பறவையை வீட்டில் வைத்திருந்தால் கேஸ் ஆகிவிடும் என்று. பயந்துபோன குடும்பம் ஒரு விடியற்காலையில் அதைக் கூடையில் போட்டு மூடி, ஏதாவது ஒரு மலையடிவாரத்தில் திறந்துவிட்டு வரும். காட்டு உயிரைக் காட்டிலேயே சேர்த்தாயிற்று என்ற நிம்மதியோடு வீடு திரும்பும்.

அந்த நிம்மதி தவறானது. கூடையிலிருந்து வெளியே வந்த மயிலுக்கு நரியைத் தெரியாது. நாயைக் கண்டால் ஓட வேண்டும் என்று தெரியாது. வீட்டு நாயோடு ஒரே வாசலில் வளர்ந்த பறவை அது. இரவில் எந்த மரத்தில், எவ்வளவு உயரத்தில் அடைய வேண்டும் என்று அதற்குச் சொல்லித்தர தாய் இருந்ததில்லை. பசித்தால் அது தேடிப் போவது பக்கத்து வீட்டு வாசலைத்தான். அங்கே நாய் இருக்கும், அல்லது கல்லோடு ஒருவர் இருப்பார்.

ஆஸ்திரிய விஞ்ஞானி கொன்ராட் லாரன்ஸ் 1930-களில் காட்டு வாத்துக் குஞ்சுகளோடு வாழ்ந்து குஞ்சின் மனத்தில் விழும் முதல் பதிவின் வலிமையை உலகுக்குக் காட்டினார். முட்டையை விட்டு வெளியே வந்த குஞ்சு, தொடக்கத்தின் குறுகிய காலத்துக்குள் எதன் பின்னால் நடக்கிறதோ அதைத் தாயாக மனத்தில் பதித்துக்கொள்கிறது. பல பறவைகளுக்குப் பின்னாளில் யாரோடு இணை சேர வேண்டும் என்பதும் இளமைப் பதிவில்தான் முடிவாகிறது. வியன்னா உயிரியல் பூங்காவில் ராட்சத ஆமைகளின் கூடத்தில் வளர்க்கப்பட்ட ஓர் ஆண் மயிலைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அது பெரிதான பிறகு பெட்டை மயில்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆமைகளுக்கு முன்னால்தான் தோகை விரித்தது. லாரன்ஸுக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது. மயிலின் பெயரையே தாங்கிய மயிலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்த வியன்னா மயிலின் கதை ஒவ்வொரு பள்ளியிலும் சொல்லப்பட வேண்டும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. நாட்டுக்கோழிகளை வாரிக்கொண்டு போகும் வெள்ளைக்கழிச்சல் மயிலையும் தாக்கும். கோழிக்கூண்டில் வளர்ந்த ஒரு மயிலைக் காட்டில் விடுவது, அந்தக் கூண்டின் நோயையும் சேர்த்து விடுவதாக முடியலாம். ஒரு உயிரைக் காப்பாற்றப் போய் ஒரு கூட்டத்தையே பணயம் வைக்கிறோம்.

சட்டம் இதில் பலர் நினைப்பதைவிடக் கறாரானது. 1972-ம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல் துப்பாக்கியோடு நிற்பதில்லை. காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணை உயிர்களை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அதே சட்டத்தின் 39-வது பிரிவில் ஒரு கதவும் திறந்திருக்கிறது. காட்டு விலங்கு அரசின் சொத்து. அது எந்த வழியில் ஒருவர் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறையிடமோ தெரிவித்துவிட வேண்டும். குஞ்சையோ குட்டியையோ கண்டெடுத்தவருக்கு இந்த 48 மணி நேரம் தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கிராமத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேஸ் ஆகும் என்ற பயம் மட்டும் ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. சொல்லிவிட்டால் போதும் என்ற செய்தி பரவவில்லை. அதனால்தான் அந்த விடியற்காலைக் கூடைகள்.

விழுப்புரம் கரும்பு மாவட்டமும்கூட. வெட்டு நடக்கும்போது கரும்புத் தோட்டத்துக்குள் கண் திறக்காத காட்டுப்பூனைக் குட்டிகள் கிடைப்பதுண்டு. சிறுத்தைக் குட்டி என்று பதறி, வீடியோ எடுத்து, கையில் தூக்கி வைத்துக்கொண்டு ஊரே கூடிவிடும். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் வட்டாரத்தில் கரும்புக்குள் கிடைப்பது மெய்யாகவே சிறுத்தைக் குட்டிகள். அங்கே வனத்துறையும் மாணிக்தோ சிறுத்தை மீட்பு மையமும் ஒரு எளிய வழியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கின்றன. குட்டிகளைப் பரிசோதித்து, அன்று மாலையே ஒரு பெட்டியில் வைத்து, எடுத்த அதே இடத்தில் வைத்துவிடுகிறார்கள். ஆட்கள் விலகிவிடுகிறார்கள். தானியங்கி கேமரா மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரவில் தாய் வருகிறது, பெட்டியைத் தட்டிவிட்டு ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகிறது. பல குடும்பங்கள் இப்படிச் சேர்ந்திருக்கின்றன. பால்புட்டியே தேவைப்படாத மீட்பு இது. சிறுத்தைக்கே இது முடிகிறது என்றால் காட்டுப்பூனைக்கு ஏன் முடியாது? ஒரு இரவு வெட்டை நிறுத்திவைக்க ஆலை நிர்வாகமும் தோட்டக்காரரும் ஒப்புக்கொண்டால் போதும்.

ஆகவே முதல் மீட்பு, எடுக்காமல் விடுவது. தரையில் தனியாகக் கிடக்கும் முயல் குட்டியோ மான் குட்டியோ எல்லா நேரமும் அநாதை இல்லை. தாய் இரை தேடப் போகும்போது குட்டியை அசையாமல் கிடக்கவிட்டுப் போவது அவற்றின் இயல்பு. அநாதை என்று முடிவு கட்டி நாம் தூக்கும் நொடியில்தான் பல நேரம் அது அநாதையாகிறது.

மெய்யாகவே தாயை இழந்தவை உண்டு. சென்னை-திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் அடிபட்ட குரங்கின் வயிற்றில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டியை எப்படி விட்டுவிட்டு வருவது? அப்படிப்பட்ட ஓர் அன்பின் கதை 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ராணிப்பேட்டை மாவட்டம் சோளிங்கர் பக்கம் நாய்கள் கடித்துக் குதறிய ஒரு குட்டிக் குரங்குக்கு, கோவையைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஒருவர் 2023 டிசம்பரில் சிகிச்சை கொடுத்தார். தன்னோடு கொண்டுபோய் மாதக்கணக்கில் பராமரித்தார். வனத்துறை அதை வண்டலூர் பூங்காவுக்கு மாற்றியபோது, தன்னிடமே விடும்படி நீதிமன்றத்தை நாடினார். போய்ப் பார்க்க அனுமதித்த நீதிமன்றம், வளர்க்க ஒப்படைக்க மறுத்துவிட்டது.

மருத்துவரின் பாசத்தை யாரும் குறைசொல்ல முடியாது. அவர் இல்லையென்றால் அந்தக் குட்டி உயிரோடு இருந்திருக்காது. ஆனால் குரங்கு கூட்டத்தில் வாழும் பிராணி. யாருக்கு முன்னால் பல்லைக் காட்ட வேண்டும், யாருக்குப் பேன் பார்க்க வேண்டும், எந்தக் குரலைக் கேட்டால் மரம் ஏற வேண்டும் என்பதெல்லாம் அது கூட்டத்தில் கற்கும் பாடங்கள். மனித மடியில் வளர்ந்த குட்டிக்கு அந்தப் பாடம் ஒன்றும் தெரியாது. அதைக் கொண்டுபோய்ச் செஞ்சிக் கோட்டையில் உள்ள குரங்குகளோடு விட்டால் அவை ஏற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது பிழை. அந்நியக் குட்டியை அவை கடித்து விரட்டலாம், கொன்றும் போடலாம். வழக்கில் நீதிமன்றத்தின் முடிவு சரியானதே. ஒரு குரங்கு முதலில் சேர வேண்டியது குரங்குகளிடம். அதற்குப் பிறகுதான் காடு.

கையால் வளர்த்த உயிரைக் காட்டுக்குத் திருப்பும் வேலையை உலகத்துக்கே காட்டித்தரும் இடம் கடலுக்கு அப்பால், இலங்கையில் இருக்கிறது. உடவளவையில் 1995-ல் அந்நாட்டு வனஜீவராசிகள் திணைக்களம் ஆரம்பித்த யானைக் குட்டிகள் காப்பகம் அது. தாயை இழந்த குட்டிகளுக்கு அங்கே மூன்று மணிக்கு ஒரு முறை பால் கொடுக்கிறார்கள். பால் கொடுக்கும் நேரம் தவிர ஆட்கள் அவற்றோடு பழகுவதில்லை. தடவுவது கிடையாது, விளையாட்டுக் காட்டுவது கிடையாது. பார்க்க வருபவர்கள் தூரத்து மேடையில் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். பாலைக் குடித்த குட்டிகள் ஒன்றாகப் புல்வெளிக்குப் போய்விடுகின்றன. அவற்றுக்கு உறவு அவையேதான். சுமார் ஐந்து வயதானதும் ஒன்றாக வளர்ந்தவற்றைக் கூட்டமாகவே காட்டில் விடுகிறார்கள், கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிக் கண்காணிக்கிறார்கள். இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் இப்படிப் போயிருக்கின்றன. அவற்றில் சில காட்டில் குட்டியும் ஈன்றிருக்கின்றன.

நம் முதுமலை தெப்பக்காடு முகாமின் யானைக் குட்டிகள் ரகுவும் பொம்மியும் வேறு வழியில் வளர்ந்தவை. 2023-ல் ஆஸ்கர் வென்ற ஆவணப்படம் பொம்மன், பெள்ளி தம்பதியின் கைகளில் அவை வளர்ந்ததை உலகுக்குக் காட்டியது. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். அந்தக் குட்டிகள் பிழைத்தது பெரும் சாதனை. அந்தத் தம்பதிக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. அதே நேரம் அவை முகாம் யானைகளாகத்தான் வளர்ந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனிதரோடு வாழப் பழக்கிய அன்பு ஒன்று, மனிதரை மறக்கப் பழக்கும் அன்பு இன்னொன்று. இரண்டாவது கடினமானது. படம் எடுத்தாலும் அதில் ஒன்றும் தெரியாது. யாரோ புதர் மறைவில் ஒளிந்து நிற்பார், அவ்வளவுதான்.

புலியிலும் இது நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் 2009-ல் ஒரு புலிகூட மிஞ்சவில்லை. அங்கே புலிகளைத் திரும்பக் கொண்டுவந்தபோது, கானா காட்டில் குட்டியிலேயே தாயை இழந்து, கையால் வளர்க்கப்பட்டு, பின்னர் பெரிய வேலிக்குள் உயிருள்ள மான்களை வேட்டையாடிப் பழகிய இரண்டு பெண் புலிகளை 2011-ல் அனுப்பினார்கள். அவற்றில் டி-4 என்ற புலி காட்டில் ஆண் புலியோடு சேர்ந்து குட்டி ஈன்றது. குட்டிப் பருவத்திலிருந்து அந்த நாள் வரை ஐந்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

தோற்ற கதைகளையும் மறைக்கக் கூடாது. இங்கிலாந்தின் ஒரு பூங்காவில் பிறந்த தாரா என்ற பெண் புலியை காட்டுயிர் ஆர்வலர் அர்ஜன் சிங் 1976-ல் உத்தரப் பிரதேசத்தின் துத்வாவுக்குக் கொண்டுவந்து வளர்த்து, 1978-ல் காட்டில் விட்டார். அந்தப் பக்கத்தில் மனிதர்கள் கொல்லப்பட்டபோது பழி தாராவின் மேல் விழுந்தது. அதைப் பற்றிய சர்ச்சை அவர் காலம் முழுக்க ஓயவில்லை. போதாக்குறைக்கு, துத்வாப் புலிகளில் சைபீரிய மரபுக் கலப்பு தெரிந்தபோது கை நீண்டதும் தாராவை நோக்கித்தான். நம் வால்பாறையில் 2021 செப்டம்பரில் முடீஸ் எஸ்டேட் பக்கம், முள்ளம்பன்றி முள் குத்தி எலும்பும் தோலுமாகக் கிடந்த ஆண் புலிக்குட்டியை மீட்டார்கள். மந்திரிமட்டத்தில் 10,000 சதுர அடியில் வேலி கட்டி வேட்டை பழக்கினார்கள். குட்டி தேறியது, வேட்டையாடவும் செய்தது. ஆனால் கோரைப்பல் சேதமடைந்திருந்தது காட்டில் விடப் பெருந்தடையாக நின்றது. கோரைப்பல் சரியில்லாத புலி பெரிய இரையை மடக்க முடியாது. மெதுவாக ஓடும் இரையைத் தேடி ஊருக்குள் வரும்.

மசினகுடி ரிவால்டோ யானையைப் பற்றித் தமிழ்நாடே பேசியது. அதை யாரும் குட்டியிலிருந்து வளர்க்கவில்லை. காட்டு யானைதான். துதிக்கையில் காயம்பட்டிருந்த அதற்கு ஊர்க்காரர்கள் பழம், காய் என்று கொடுத்துப் பழக்கினார்கள். 2021 மே மாதம் அதைப் பிடித்து மரக்கூண்டில் அடைத்து, ஆகஸ்ட் 2-ம் தேதி முதுமலையின் உள்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரே நாளில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நடந்து பழைய இடத்துக்கே வந்து நின்றது. கையில் வாங்கித் தின்ற பழக்கமே ஒரு யானையை இப்படிக் கட்டிப்போடும் என்றால், கண் திறந்த நாள் முதல் மனிதரை மட்டுமே பார்த்த உயிரின் கதி என்ன? செஞ்சிக் கோட்டைப் படிக்கட்டிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் காரை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் நீட்டும் ஒவ்வொருவரும் ரிவால்டோவை நினைக்க வேண்டும். அந்த பிஸ்கட்தான் அதைச் சாலைக்கு இறக்குகிறது.

சரி, விழுப்புரத்தில் திருப்பி விட இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்த கழுவேலி ஏரியை 2021 டிசம்பரில் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஊசுட்டேரியின் தமிழகப் பகுதியும் சரணாலயம். செஞ்சிப் பக்கம் பக்கமலைக் காப்புக்காடு இருக்கிறது. திண்டிவனத்தின் பெயரே புளியங்காட்டிலிருந்து வந்தது என்பார்கள். அந்தக் காடு இன்று பெயரில் மட்டும் இருக்கிறது என்பதால்தான் மிஞ்சியவை இவ்வளவு அருமையாகின்றன.

காயம்பட்ட உயிருக்கு, விடுவதற்கு முந்தைய நாட்களில் தங்க இந்த மாவட்டத்துக்குள்ளேயே தரமான ஓர் இடம் வேண்டும். திண்டிவனத்திலிருந்து வண்டலூர் நூறு கிலோமீட்டருக்குப் பக்கம். ஒரு நாரைக் குஞ்சு அந்த வெயில் பயணத்திலேயே பாதி செத்துவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. மனிதர்களே கூரையில் நின்று தவித்த அந்த இரவில் கூடுகளும் வளைகளும் என்ன ஆகியிருக்கும்? இப்படிப்பட்ட மழை இனியும் வரும்.

மரக்காணத்தில் 25 கோடி ரூபாயில் பன்னாட்டுப் பறவைகள் மையம் அமைக்கப்படும் என்று 2023-24 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. அந்த மையத்தின் முதல் அறை பறவை மருத்துவமனையாக இருக்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் கோரிக்கை. பார்வையாளர் அரங்கும் ஒளிப்படக் கண்காட்சியும் பிறகு வரட்டும். ஆட்கள் தெரியாதபடி இரை வைக்கும் மறைப்புகள், பறக்கப் பழக உயரமான வலைக்கூண்டு, கழுவேலியைப் பார்த்தபடி திறக்கும் கதவு, விட்ட பிறகு கண்காணிக்க வளையம். இவை பெரிய செலவு இல்லை. நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்தில் கூட்டிலிருந்து தவறி விழும் நாரைக் குஞ்சுகளை எடுத்து, இரை கொடுத்துத் தேற்றிக் கூட்டத்தோடு சேர்த்துவிடும் வேலையை பால்பாண்டி போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் செய்துவந்திருக்கிறார்கள். ஓர் ஊர் செய்ததை ஒரு மாவட்டம் செய்ய முடியாதா?

வேலைக்கு ஆட்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இந்த மாவட்டத்தின் ஏரிக்கரைகளிலும் ஊர் ஓரங்களிலும் வாழும் இருளர் மக்கள் தடம் பார்த்து விலங்கைச் சொல்லத் தெரிந்தவர்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் அவர்களின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. பிடித்த பாம்பைச் சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, மீண்டும் காட்டில் விட்டுவிடுவது அங்கே நடைமுறை. பிடித்த உயிரைத் திருப்பி விடுவதைத் தொழிலாகவே செய்தவர்களைவிட இதற்குத் தகுதியானவர்கள் யார்? மையம் வந்தால் அவர்களுக்கு அதில் நிரந்தர வேலை வேண்டும், தினக்கூலி அல்ல.

இன்னொன்றையும் வனத்துறை வெளிப்படையாகச் சொல்லப் பழக வேண்டும்: எல்லா உயிரும் திரும்பாது. சிறகு முறிந்த பருந்தையும், மடியில் வளர்ந்து மனிதக் குரலுக்கு ஓடிவரும் குரங்கையும் விட்டே தீருவேன் என்று விடுவது கொலை. அவற்றுக்குத் தன் இனத்தோடு வாழ ஒரு நல்ல அடைப்பிடம் கொடுப்பதே நேர்மை. விட்டோம் என்று படம் வெளியிடுவதோடு கணக்கு முடியக் கூடாது. விட்டது ஆறு மாதம் கழித்து உயிரோடு இருக்கிறதா என்பதையும் வனத்துறை மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

விவசாயிக்கும் நியாயம் உண்டு. விதைத்த மல்லாட்டையை மயில் கிளறித் தின்பது உண்மை, அந்த இழப்புக்கு அரசு காலத்தோடு ஈடு கொடுக்க வேண்டும். அப்படியிருந்தும் முட்டையைக் கண்டவுடன் காப்பாற்றத் துடிக்கும் மனம் நம் கொல்லைகளில் இருக்கிறதே, அதை நம்பித்தான் இதைக் கேட்க முடிகிறது. அடுத்த முறை களை எடுக்கும்போது மயில் முட்டை கண்ணில் பட்டால் தொடாதீர்கள். அதைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குச் செடியும் களையும் அப்படியே நிற்கட்டும். நாயைக் கட்டிவையுங்கள், வனத்துறைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், நகர்ந்துவிடுங்கள். பெட்டை மயில் அடைகாக்கும் காலம் 28 நாள். அதில் பாதி ஏற்கெனவே முடிந்தும் இருக்கலாம்.